வீட்டு நாஸ் ஃபுல் ஆயிடுச்சா? பெரிய ஹார்டு டிஸ்க் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

2021 ஜூன் 1-ம் தேதியோடு கூகுள் போட்டோஸ், 'எவ்வளவு வேணும்னாலும் இலவசமா ஏத்திக்கோங்க' என்ற கடையைச் சாத்தியது. அதற்குப் பிறகு போட்டோ, மெயில், டிரைவ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜி.பி-தான் இலவசம். மாசாமாசம் காசு கட்டுவதா, இல்லை வீட்டிலேயே சொந்தமாக ஒரு கிடங்கு வைத்துக்கொள்வதா என்று யோசித்தவர்களில் கொஞ்சம் பேர் இரண்டாவது வழியில் போனார்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் ஷூ பாக்ஸ் சைஸில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் இரண்டு ஹார்டு டிஸ்க், மொபைலில் ஒரு ஆப். அவ்வளவுதான். அம்மா போட்ட மார்கழிக் கோலத்திலிருந்து அக்கா கல்யாண வீடியோ வரை எல்லாம் தானாகவே அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். இதற்குப் பெயர் நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ். சுருக்கமாக, நாஸ்.

அப்போது 4 டி.பி டிஸ்க் இரண்டு வாங்கிப் போட்டவர்களுக்கு இப்போது மொபைலில் ஒரு நோட்டிஃபிகேஷன் வர ஆரம்பித்திருக்கும். 'இடம் 90 சதவிகிதம் நிரம்பிவிட்டது.'

"ரெண்டு பெரிய டிஸ்க் வாங்கி மாத்திட்டா போச்சு, இதுல என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். ஸ்க்ரூ கழற்றி மாட்டுகிற வேலை உண்மையிலேயே பத்து நிமிஷம்தான். ஆனால், அதற்கு நடுவில் சில மணி நேரம் உங்கள் குடும்பத்தின் மொத்த போட்டோவும் ஒரே ஒரு பழைய டிஸ்க்கை நம்பி இருக்கும். அந்தச் சில மணி நேரத்துக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

இடத்தை அடைச்சிருக்கிறது யாரு?

பர்ஸைத் திறக்கும் முன் ஒரு தடவை பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இடத்தைத் தின்பது போட்டோவே கிடையாது, வாசல் சி.சி.டி.வி கேமராதான். விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் நாள் முழுக்க ரெக்கார்டு ஆகும் ஒரு கேமரா, ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி எடுத்துக்கொள்ளும். 30 நாளுக்கு 648 ஜி.பி. இரண்டு கேமரா என்றால் 1.3 டி.பி அங்கேயே காலி. தெரு நாய் படுத்துத் தூங்குவதை ஒரு மாசத்துக்கு சேர்த்து வைக்கணுமா, பத்து நாள் போதாதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

அடுத்தது ரீசைக்கிள் பின். நாஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனியாகக் குப்பைத்தொட்டி இருக்கலாம். நீங்கள் அழித்துவிட்டதாக நினைத்த படமெல்லாம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ஸ்னாப்ஷாட் வசதியை ஆன் செய்திருந்தால் அதுவும் பழைய ஃபைல்களைப் பிடித்து வைத்திருக்கும். இதையெல்லாம் சுத்தம் செய்தாலே சிலருக்கு ஒரு வருஷம் ஓடிவிடும்.

நிஜமாகவே போட்டோவும் வீடியோவும்தான் நிறைந்திருக்கிறது என்றால், அது இனிமேல் வேகமாகத்தான் ஏறும். ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 60 ஃபிரேம் வைத்து எடுத்தால் ஒரு நிமிஷ வீடியோவே சுமார் 400 எம்.பி. குழந்தையின் ஆண்டு விழா டான்ஸை ஒரு மணி நேரம் எடுத்தால் 24 ஜி.பி. அதனால் 4 டி.பி-யிலிருந்து 6 டி.பி-க்குத் தாவுவது என்னைக் கேட்டால் வீண் செலவு. இரண்டு வருஷத்தில் மறுபடியும் இதே கூத்தை ஆரம்பிக்க வேண்டியிருக்கும். 8 அல்லது 12-க்குப் போய்விடுங்கள். ஒவ்வொரு சைஸுக்கும் 'ஒரு டி.பி-க்கு என்ன விலை விழுகிறது' என்று வகுத்துப் பார்த்தால் எது லாபம் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு டிஸ்க் போடும் பெட்டி. உள்ளே 4 டி.பி இரண்டு. மாற்றப்போவது 12 டி.பி இரண்டு.

இது வேற ரெய்டு!

பெட்டியில் இரண்டு டிஸ்க் இருந்தும் 8 டி.பி கிடைக்காமல் 4 டி.பி மட்டும் காட்டுவது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? காரணம் ரெய்டு. இன்கம்டாக்ஸ்காரர்கள் வருவது இல்லை; பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் முறை. 1988-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரப்பியது. விலை குறைந்த சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவு சாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது யோசனை.

வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இதன் எளிய வடிவம், மிரரிங். கண்ணாடி மாதிரி. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். சினாலஜி பெட்டிகளில் எஸ்.ஹெச்.ஆர் என்று பெயர் இருந்தாலும், இரண்டு டிஸ்க் போட்டால் நடப்பது இதேதான். ஒன்று போனாலும் இன்னொன்றை வைத்து வண்டி ஓடும்.

இந்தக் கண்ணாடி வசதிதான் பெரிய டிஸ்க்குக்கு மாறுவதையும் சுலபமாக்குகிறது. ஒரு பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டால், மிச்சமிருக்கும் பழையதிலிருந்து எல்லாவற்றையும் பெட்டியே நகலெடுத்துக்கொள்ளும். அது முடிந்ததும் இரண்டாவது பழையதை எடுத்துப் புதுசைப் போட வேண்டும். நீங்கள் எதையும் கையால் காப்பி செய்ய வேண்டாம். ஃபோல்டர், யூசர், பாஸ்வேர்டு எதுவும் மாறாது.

ஒரு விஷயம் பலரைக் குழப்பும். முதல் 12 டி.பி-யைப் போட்டு எல்லாம் முடிந்த பிறகும் பெட்டி 4 டி.பி என்றுதான் காட்டும். மிரரில் சின்ன டிஸ்க்தான் அளவைத் தீர்மானிக்கும். இரண்டாவதும் 12 ஆன பிறகுதான் இடம் விரியும். அப்போதும் திரையில் 12 வராது, 10.9 என்றுதான் வரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிஸ்க் கம்பெனி 1,000 மடங்கில் கணக்குப் போடுகிறது, கம்ப்யூட்டர் 1,024 மடங்கில் போடுகிறது, அந்த வித்தியாசம்தான்.

இதில் பர்ஸுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கு. இரண்டையும் ஒரே மாசத்தில் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இப்போது ஒன்று, தீபாவளி போனஸில் இன்னொன்று என்று வாங்கலாம். அதுவரை பெட்டி பழைய 4 டி.பி அளவிலேயே, அதே பாதுகாப்போடு ஓடும். வெவ்வேறு நேரத்தில் வாங்கினால் இரண்டும் ஒரே தொழிற்சாலை லாட்டில் வந்து, ஒரே குறையோடு, ஒரே சமயத்தில் மண்டையைப் போடும் வாய்ப்பும் குறையும்.

கடையில் 'ரெட்'னு எழுதியிருந்தா மட்டும் போதாது

ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒன்றுதானே என்று ஆன்லைனில் விலை குறைந்ததை ஆர்டர் போடுவதற்கு முன் இரண்டு வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சி.எம்.ஆர், எஸ்.எம்.ஆர்.

சி.எம்.ஆர் டிஸ்க்கில் தரவுத் தடங்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, இடித்துக்கொள்ளாமல் இருக்கும். எஸ்.எம்.ஆர் டிஸ்க்கில் ஓட்டு வீட்டின் கூரை மாதிரி, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதே இடத்தில் அதிகத் தரவு வைக்கலாம், அதனால் தயாரிப்புச் செலவும் குறையும். ஆனால் கூரையில் நடுவில் இருக்கிற ஓட்டை மாற்றணும் என்றால் மேலே ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்கணும் இல்லையா? இங்கேயும் அதே கதை. ஒரு தடத்தை மாற்றி எழுத, பக்கத்தில் இருக்கும் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எப்போதாவது எழுதினால் தெரியாது. இடைவிடாமல் மணிக்கணக்காக எழுதச் சொன்னால் டிஸ்க் மூச்சு வாங்கும், வேகம் படுத்துவிடும்.

நாஸில் டிஸ்க் மாற்றும்போது நடப்பது இடைவிடாத எழுத்துதான். 2020 ஏப்ரலில் இதுதான் வெடித்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸுக்கு என்றே விற்ற 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டி.பி வரையிலான சில மாடல்களில், வாங்குகிறவர்களுக்குச் சொல்லாமலே எஸ்.எம்.ஆர் முறையைப் பயன்படுத்தியது தெரியவந்தது. புது டிஸ்க்கைப் போட்டு நகலெடுக்கும்போது மெதுவாகிப்போய், பதில் சொல்லவில்லை என்று பெட்டியே அதை வெளியே தள்ளிவிடுவதாகப் பயனாளர்கள் புகார் சொன்னார்கள். அமெரிக்காவில் வழக்குகூட நடந்தது. அதன் பிறகுதான் நிறுவனம் பெயர்களைப் பிரித்தது. வெறும் 'ரெட்' என்றால் எஸ்.எம்.ஆர், 'ரெட் பிளஸ்', 'ரெட் ப்ரோ' என்றால் சி.எம்.ஆர். சீகேட்டில் 'அயர்ன்வுல்ஃப்' வரிசை சி.எம்.ஆர். அதே சீகேட்டின் 'பாரகுடா' 8 டி.பி டிஸ்க் எஸ்.எம்.ஆர். அதனால் கம்பெனி பெயரோடு நிற்காமல், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

அடுத்த ஆபத்து, பழசைப் புதுசு என்று விற்பது. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே இணையதளம் இதை வெளிக்கொண்டு வந்தது. புதுசு என்று வாங்கிய சீகேட் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை. எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் 'ஸ்மார்ட்' மீட்டரை யாரோ பூஜ்ஜியமாக்கி வைத்திருந்தார்கள், செகண்ட்ஹேண்ட் காரின் ஓடோமீட்டரைத் திருப்பி வைப்பது மாதிரி. டிஸ்க்குக்குள் 'ஃபார்ம்' என்று இன்னொரு பதிவு இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை. அதுதான் காட்டிக்கொடுத்தது. இந்த டிஸ்க்குகள் 'சியா' என்ற கிரிப்டோ கரன்ஸி வெட்டியெடுக்கப் பயன்பட்டவையாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. டிஸ்க் இடத்தை வைத்து நடக்கும் கரன்ஸி அது.

ஆகவே டிஸ்க் கைக்கு வந்ததும் அதன் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரன்டி ஏற்கெனவே பாதி ஓடியிருந்தாலோ, 'இது வேறு கருவியோடு சேர்த்து விற்கப்பட்டது' என்று வந்தாலோ பேச்சே இல்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதை மொபைலில் வீடியோ எடுத்து வைத்தால் ரிட்டர்ன் சண்டையில் உதவும்.

உங்கள் பெட்டி எந்த டிஸ்க்கை ஏற்கும் என்பதையும் பாருங்கள். எல்லா நாஸ் நிறுவனங்களும் மாடல்வாரியாகப் பட்டியல் வைத்திருக்கின்றன. சினாலஜி 2025-ல் வெளியிட்ட பிளஸ் மாடல்களுக்குத் தன் பிராண்டு டிஸ்க்குகளைத்தான் போட வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்து, வாடிக்கையாளர்கள் கொதித்ததும் அதே அக்டோபரில் தளர்த்தியது. அந்த மாடல் வைத்திருப்பவர்கள் மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம். ரொம்பப் பழைய பெட்டியாக இருந்தால் 16 டி.பி-க்கு மேல் ஒரே தொகுப்பாக வைக்க முடியாது என்பது போன்ற எல்லை இருக்கலாம். நம்முடைய 12 டி.பி கணக்குக்கு அது தடை இல்லை.

ஒத்தை டிஸ்க்கில் நிற்கும் நேரம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். முதல் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்த விநாடியே பெட்டி 'டிகிரேடட்' என்ற நிலைக்குப் போகும். பீப் பீப் என்று கத்தும். பயப்பட வேண்டாம், கத்துவதுதான் அதன் வேலை. செட்டிங்ஸில் போய் வாயை அடைத்துவிடலாம்.

ஆனால் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கு. இந்த நிமிஷத்திலிருந்து கண்ணாடி இல்லை. மிச்சமிருக்கும் பழைய டிஸ்க்கை முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை பெட்டி படித்து முடிக்க வேண்டும். விநாடிக்கு சராசரியாக 130 எம்.பி வேகத்தில் படித்தால் 4 டி.பி-க்கு எட்டரை மணி நேரம். நடுவில் வீட்டில் யாராவது அதே பெட்டியில் சினிமா பார்த்தால் இன்னும் கூடும். இரண்டாவது டிஸ்க் மாற்றும்போது இன்னொரு எட்டரை மணி நேரம். அதன் பிறகு புதிதாகச் சேர்ந்த இடத்தையும் அது ஒழுங்குபடுத்தும்.

அந்தப் பழைய டிஸ்க்கின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். நான்கைந்து வருஷம் இரவும் பகலும் சுற்றியிருக்கிறது. அதன் ஜோடியும் அதே நாளில் வாங்கியது, அதே மணி நேரம் ஓடியது, அதே ஏப்ரல் வெயிலைத் தாங்கியது. 2019-ல் வைத்த ஒரு போட்டோவை அதற்குப் பிறகு யாருமே திறந்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பழுது இருந்தால் இதுவரை தெரிந்திருக்காது. இன்றைக்கு, துணைக்கு யாரும் இல்லாத இந்த ஒரு நாளில்தான் அதைப் படித்தே ஆக வேண்டும்.

இதற்கு மருந்து, டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே இருக்கிறது. நாஸ் ஆப்பில் 'டேட்டா ஸ்க்ரப்பிங்' என்று ஒரு வசதி இருக்கும். இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு முறை படித்துச் சரிபார்க்கும் வேலை அது. பழுது இருந்தால் இப்போதே வெளியே வரும். கூடவே ஸ்மார்ட் டெஸ்ட்டில் 'எக்ஸ்டெண்டட்' என்பதை இரண்டு டிஸ்க்குக்கும் ஓட்டுங்கள். முடிவில் 'ரீஅலோகேட்டடு செக்டார்', 'பெண்டிங் செக்டார்' என்ற இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் போதும். இரண்டும் பூஜ்ஜியம் என்றால் நிம்மதி. ஒரு டிஸ்க்கில் மட்டும் எண் ஏறியிருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். நல்ல டிஸ்க்கை உள்ளே வைத்துக்கொண்டு அதிலிருந்து நகலெடுப்பதுதான் புத்திசாலித்தனம். எந்த ஸ்லாட்டில் எது இருக்கிறது என்று சீரியல் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். நோயாளியை விட்டுவிட்டு நல்லா இருக்கிறவரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போன கதை ஆகிவிடக் கூடாது.

புது டிஸ்க்கையும் நம்பி உடனே மாட்டிவிடாதீர்கள். தயாரிப்பாளர்கள் தரும் இலவச மென்பொருளை வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு முழு டெஸ்ட் ஓட்டுங்கள். 12 டி.பி-க்கு 18 மணி நேரம் அளவுக்கு ஆகும். எரிச்சலாகத்தான் இருக்கும். கூரியரில் குலுங்கி அடிபட்ட டிஸ்க் எது என்பது இந்த டெஸ்ட்டில் தெரிவது, ரெய்டுக்குள் போய்த் தெரிவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வெளி டிஸ்க்கில் முழு காப்பி. 5 டி.பி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்றை நாஸின் யு.எஸ்.பி-யில் செருகி, பேக்கப் ஆப்பை ஓட்டினால் போதும். இங்கே எஸ்.எம்.ஆர் டிஸ்க் என்றாலும் பரவாயில்லை, எழுதி வைத்துவிட்டு எடுத்து வைக்கப்போகிறோம், அவ்வளவுதானே. காப்பி முடிந்ததும் 'சக்சஸ்' என்று வருவதை மட்டும் நம்பாமல், அந்த டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து ஃபைலைத் திறந்து பாருங்கள். கல்யாண வீடியோவை நடுவில் ஓட்டிப் பாருங்கள். இந்தக் காப்பி கையில் இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சரி, மாத்திடலாமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம். அதற்கு முன், உங்கள் ஏரியாவில் அந்த நாட்களில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நகல் எடுக்கும்போது கரன்ட் போனால், பெரும்பாலான பெட்டிகள் திரும்ப ஆன் ஆனதும் வேலையைத் தொடரும் அல்லது முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆனாலும் பழைய டிஸ்க்குக்கு அந்தத் திடீர் நிறுத்தமே ஒரு அடி. ஒரு சின்ன யு.பி.எஸ் போட்டு, அதிலிருந்து யு.எஸ்.பி ஒயரை நாஸில் செருகிவிட்டால் பேட்டரி தீர்வதற்குள் பெட்டி தானே ஒழுங்காக ஷட்டவுன் ஆகிக்கொள்ளும். உங்கள் யு.பி.எஸ் மாடல் அதற்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், கரன்ட் மாறும் அந்தக் கண நேரத்தில் உங்கள் பெட்டி அணைகிறதா இல்லையா என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

மனிதர்களால் வரும் மின்தடைதான் அதைவிடப் பெரிய ஆபத்து. அயர்ன் பாக்ஸ் செருக இடம் இல்லை என்று யாராவது நாஸ் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். சுவிட்ச் போர்டில் 'ஞாயிறு வரை தொடாதீங்க' என்று ஒரு பேப்பர் ஒட்டுங்கள். அசிங்கமாக இருக்கும்தான், ரெண்டு நாள்தானே.

முன்பக்கமாக டிரே இழுக்கும் மாடல்கள் பலவற்றில், பெட்டி ஓடும்போதே டிஸ்க்கை மாற்றலாம். மூடியை ஸ்க்ரூ கழற்றித் திறக்கும் விலை குறைந்த மாடல்களில் கட்டாயம் ஷட்டவுன் செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். உங்களுடையது எது என்று மேனுவலைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஷட்டவுன் செய்துவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் அடிப்பக்கம் நடு ஸ்க்ரூ ஓட்டை இருக்காது, பழைய டிரேயின் வேறு ஓட்டையில் போட வேண்டியிருக்கும். அதைப் பார்த்து 'தப்பான டிஸ்க் வந்துடுச்சோ' என்று பதறாதீர்கள்.

புது டிஸ்க் உள்ளே போனதும் சினாலஜியில் ஸ்டோரேஜ் மேனேஜர் போய் 'ரிப்பேர்' என்பதை அழுத்த வேண்டும். க்யூநாப் பெட்டியில் 'ரீப்ளேஸ் டிஸ்க்ஸ் ஒன் பை ஒன்' என்று இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பழைய டிஸ்க்கை இழுக்க வேண்டும். அப்புறம் காத்திருப்புதான். இந்த நேரத்தில் டிஸ்க் சூடு ஏறும். பெட்டி கண்ணாடி அலமாரிக்குள் இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

95 சதவிகிதம் வந்ததும் கை பரபரக்கும். 'ஹெல்தி' என்று பச்சையில் வரும் வரை இரண்டாவது டிஸ்க்கைத் தொடவே கூடாது. வந்த பிறகு அதே வேலையை இன்னொரு தடவை. இரண்டாவதும் முடிந்த பிறகு இடம் தானாக விரிந்துவிடலாம், இல்லையென்றால் 'எக்ஸ்பேண்ட்' என்ற பட்டனை நீங்கள்தான் அழுத்தணும். அதைச் செய்யாமல் 'புது டிஸ்க் போட்டும் இடம் வரலையே' என்று கஸ்டமர் கேருக்குப் போன் போடுகிறவர்கள் உண்டு.

நான்கு டிஸ்க் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. முறை இதேதான், நான்கு முறை செய்ய வேண்டும். எஸ்.ஹெச்.ஆர் என்றால் இரண்டு டிஸ்க் மாறியதுமே கொஞ்சம் இடம் கிடைக்கும். சாதாரண ரெய்டு 5 என்றால் நான்கும் மாறிய பிறகுதான்.

கழற்றிய டிஸ்க்கை என்ன செய்வது?

இரண்டு டிஸ்க் மிரரில் ஒரு அழகு இருக்கு. முதலில் வெளியே எடுத்த அந்தப் பழைய டிஸ்க்கில், அதை எடுத்த நிமிஷம் வரையிலான எல்லாத் தரவும் முழுசாக இருக்கும். அதாவது உங்களுக்கு இலவசமாக இன்னொரு காப்பி. அதில் தேதியை எழுதி ஒட்டி, தனியாக எடுத்து வையுங்கள். புதுப் பெட்டி ஒரு மாசம் பிரச்னையில்லாமல் ஓடும்வரை அதை ஃபார்மெட் செய்யாதீர்கள். ரெய்டு 5-ல் இந்தச் சலுகை இல்லை. அங்கே ஒற்றை டிஸ்க்கை வைத்து ஒன்றும் படிக்க முடியாது.

ஒரு மாசம் கழித்து இந்த இரண்டு பழைய டிஸ்க்குகளுக்கும் இரண்டாவது வாழ்க்கை கொடுக்கலாம். ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நிறைய. கண்ணாடி என்பது நீங்கள் செய்யும் எதையும் அப்படியே காட்டும். தம்பி தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்ற பழைய நெட்வொர்க் டிஸ்க் வைத்திருந்தவர்கள் பலர், காலையில் பார்த்தபோது எல்லாத் தரவும் துடைக்கப்பட்டிருந்தது. 2015-க்குப் பிறகு அப்டேட்டே வராத கருவியில், இணையம் வழியாக யாரோ புகுந்து 'ரீசெட்' கொடுத்துவிட்டார்கள்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 கணக்கு இதற்குத்தான். மூன்று காப்பி, இரண்டு வகை சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் கிளவுடும்தான். ஆனால் 3 டி.பி-யை விநாடிக்கு 40 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற ஒரு வாரம் ஆகும், பல பிராட்பேண்ட் பிளான்களில் மாசத்துக்கு 3.3 டி.பி என்று எல்லையும் உண்டு. பழைய டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி உறையில் போட்டு, போட்டோ, வீடியோவை மட்டும் காப்பி செய்து, திருச்சியில் இருக்கும் சித்தி வீட்டு பீரோவில் வைப்பது அதைவிட எளிது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய டிஸ்க்காக இருக்கட்டும். அந்த பாஸ்வேர்டும், நாஸின் அட்மின் பாஸ்வேர்டும் வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்கட்டும். பெட்டியை வாங்கி செட் செய்தவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது அப்பாவின் இன்ஷூரன்ஸ் பேப்பர் அதற்குள் மாட்டிக்கொள்ளும் நிலைமை வேண்டாம்.

செக்டார் எண் ஏறிய டிஸ்க்கை பேக்கப்புக்கும் வைக்காதீர்கள். விற்பதாக இருந்தால் வெறும் ஃபார்மெட் போதாது, யாராலும் மீட்டெடுத்துவிட முடியும். முழுக்கப் பூஜ்ஜியத்தை எழுதும் முறையில் அழிக்க வேண்டும், 4 டி.பி-க்கு எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்திருக்கும். ஓடாத டிஸ்க் என்றால் டிரில்லிங் மெஷினில் நடுவில் இரண்டு ஓட்டை போட்டு, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். சித்தி வீட்டு டிஸ்க்கை மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ ஊருக்குப் போகும்போது எடுத்து வந்து அப்டேட் செய்து, தேதி ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி, அடுத்த தடவை போகும்போது திரும்ப வைத்துவிடுங்கள்.